புலம்பெயர் மீன்களின் விரதபங்கம்: பண்ணைப் பாலத்திலிருந்து ஒரு விசாரணை

1. பிரச்சினை

அத்திலாந்திக் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் கொழுத்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். ஆற்றுக்குள் நுழைந்தபின் அது இரை தேடுவதில்லை. சேர்த்துவைத்த கொழுப்பிலேயே காலம் தள்ளும். அதன் உறவினனான கடல் ட்ரவுட் அவ்வளவு கண்டிப்பான விரதக்காரன் அல்ல, இடைக்கிடை வாய்வைக்கும். ஆனால் நோர்வேயிலும் ஸ்கொத்லாந்திலும் இறகு கட்டிய தூண்டிலை முன்னால் இழுத்தால் விரதம் காக்கும் சால்மனும் வந்து கவ்வுகிறது. பசியில்லாத வாய் ஏன் திறக்கிறது?

மேற்குலகம் மூன்று விடைகள் சொல்கிறது. எல்லைக்குள் புகுந்தவன் மேலுள்ள கோபம். கடலில் தின்ற காலத்துப் பழக்கம். பளபளப்பைக் கண்ட மயக்கம். நாவலர் பிறந்த நல்லூரில் சைவ சமய பாடம் படித்த எந்தப் பிள்ளையும் இவற்றை ஆணவம், கன்மம், மாயை என்று வரிசைப்படுத்திவிடும். மும்மலம் மீனுக்கும் உண்டு என்பது இவ்வாய்வின் கருதுகோள். அவற்றில் எது தூண்டிலைக் கவ்வுகிறது என்பதே கேள்வி.

2. முன்னோர் பணி

19-ஆம் நூற்றாண்டின் பிரித்தானியர் மாயையை நம்பினார்கள். அவர்களுடைய சால்மன் தூண்டில் உலகிலுள்ள எந்த உயிரையும் ஒத்திருக்கவில்லை. தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு முதற்கொண்டு கண்ட கண்ட நாட்டுப் பறவைகளின் இறகெல்லாம் அதில் ஏறின.

அமெரிக்கர் கன்மத்தின் பக்கம் நின்றார்கள். லெஃப்டி கிரே 1950-களின் பிற்பகுதியில் கட்டிய 'டிசீவர்' சின்னமீனைப் போலவே நீந்தும். 1991-இல் அதற்கு முத்திரையே வெளியிட்டார்கள். 1980-களில் பொப் கிளவுசர் கட்டியதற்கு மான்வால் மயிரும் இரண்டு ஈயக் கண்களும் போதும். கண்களின் பாரத்தால் கொக்கி தலைகீழாகிக் கூர் மேலே பார்க்கும். அடியிலுள்ள சாதாளையில் மாட்டாது. இழுத்தால் எழும்பும், விட்டால் மூக்குக் குப்புற விழும்.

இந்தச் சின்னமீன் தூண்டில்களை ஆற்றுச் சால்மனுக்கு இழுத்துப் பார்ப்போரின் வாதம் எளியது: கடலில் தின்றதைக் காட்டு, அதற்கு ஞாபகம் வரும்.

3. யாழ்ப்பாணத்தின் உரிமை

சால்மன் இல்லாத ஊருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர் வரலாறு அறியாதவர். 1956-இல் நோர்வே போய்ச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் அங்கே மீன்பிடித் துறையைக் கற்று வந்ததன் பயனாகவே காரைநகரில் சீநோர் என்ற மீன்பிடித் தொழில் நிறுவனம் எழுந்தது. அவருக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானோர் நோர்வேக்குப் போனார்கள். ஆகவே சால்மன் ஆறுகளைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை எமக்கு உண்டு.

4. களப்பணி

மண்டைதீவுப் பக்கம் போகும் பண்ணைப் பாலத்தில், சேவல் இறகும் கிடாய்த்தாடியும் கொண்டு உள்ளூரில் கட்டிய கிளவுசர் ஒன்று பரிசோதிக்கப்பட்டது. பக்கத்தில் தங்கூசியில் இறால் கொளுவி இருந்த பெரியவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, உது மீனுக்கோ, காவடிக்கோ?"

"மீனுக்குத்தான் ஐயா. சின்னமீன் எண்டு நினைச்சுக் கவ்வும்."

"சின்னமீன் வேணுமெண்டா அங்கை சிறகுவலைக்காரரிட்டை வாங்கலாமே."

ஆய்வுமுறை பற்றிய இவ்விமர்சனம் குறித்துக்கொள்ளப்பட்டது. சற்று நேரத்தில் ஒரு சிறிய கொடுவா தாடியைக் கவ்வியது. ஆய்வாளர் மகிழவில்லை. கொடுவா சால்மனுக்கு நேர்மாறு: கழிமுகத்திலும் நன்னீரிலும் வளர்ந்து, முட்டையிடக் கடல் வாய்க்கு இறங்கும், ஆணாகத் தொடங்கிப் பெண்ணாக முடியும், விரதம் என்ற ஒன்றை அறியாது. அது கவ்வியதற்குக் காரணம் பசி. பசி என்பது எந்தக் கருதுகோளுக்கும் உதவாத காரணம்.

5. மாற்று மாதிரி

விரதக்கார மாதிரி கிடைக்காதபோது ஒத்த நடத்தையுள்ள வேறோர் இனத்தை ஆராய்வது வழக்கம். அது ஒஸ்லோவிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருகிறது. நோர்வே ஆறுகளில் சால்மன் ஏறும் கோடையில்தான் இதுவும் பிறந்த இடம் நோக்கி ஏறும். நல்லூர்க் கொடியேற்றத்தை ஒட்டி, இருபத்தைந்து நாளும் கோயில் வீதிகளில் நெருக்கமாகக் காணப்படும். வந்த வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கும். மேலே ஏதும் சாப்பிடக் கேட்டால் கொலஸ்ரரோல் என்று சொல்லும்.

இதன் முன்னால் பீற்சாவைக் காட்டினால் திரும்பியும் பார்க்காது. ஆக மாயை அல்ல. "உங்களுக்கு இதெல்லாம் இப்ப ஒத்துவராது" என்று சீண்டினால் முகம் சிவக்கும், வாய் திறக்காது. ஆக ஆணவமும் அல்ல. ஆனால் ஒடியல் மாக் கரைத்து, நண்டும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டுக் கொதிக்கும் கூழின் மணம் காற்றில் வரட்டும். அடுத்த கணம் பிலாவிலை மடித்த கையோடு அது சட்டியடியில் நிற்கும். விலை கேட்காது.

6. முடிவு

திரும்பி வந்தவன் வாயைத் திறப்பது கன்மத்தாலேயே. ஆகவே சால்மனுக்குத் தூண்டில் கட்டுவோர் காட்டுக்கோழியை விட்டுவிட்டு, அது கடலில் தின்ற சின்னமீனையே கட்டுக. ஊரோடிருக்கும் கொடுவாவுக்கு இறால் போதும். இம்முடிவை மறுக்க விரும்பும் புலம்பெயர் அறிஞர், மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, கூழ்ச்சட்டி கொதிக்கும் பக்கமாக ஒருதரம் நடந்து காட்டட்டும்.