மூக்கால் குடிக்கிறவர்கள்

மிக்சர் கூடாதாம். வேர்க்கடலை கூடாது, ஊறுகாய் அறவே கூடாது, ஆம்லெட்டில் வெங்காயம் போட்டிருந்தால் அதுவும் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கூடத்தில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என் மச்சினன் போட்ட சட்டம் இது. நாக்கு கெட்டுப்போகுமாம். அரக்கோணம் பிளாட்பாரத்து வடைக்கே கெடாத நாக்கு, காரா பூந்திக்கா கெடப்போகிறது? அவன் ஊருக்குப் போயாகிவிட்டது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீங்களும் விஸ்கி ருசி பார்க்கிறவர் என்றால் விளக்க வேண்டியதில்லை. நாலு பாட்டில். எங்கே வாங்கினது, எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். நுனி குறுகின கண்ணாடி கிளாஸ் ரெண்டுதான் இருந்தது, மற்றதெல்லாம் எவர்சில்வர் டம்ளர். "பிள்ளைங்க பால் குடிக்கிற டம்ளரை மட்டும் எடுக்காதீங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. டம்ளருக்கு அடியில் நம்பர் ஒட்டி, எது எதில் என்று தெரியாமல் குடித்து, நாலில் எது ஜெயித்தது என்று பார்க்க வேண்டும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இரண்டொரு விஷயம்.

முதலாவது மார்க். நூற்றுக்கு மார்க் போடுகிறார்கள், ஆனால் எண்பதுக்குக் கீழே யாரும் வாங்குவதில்லை. வாயில் வைத்ததும் முகம் கோணின சரக்குக்கு என் மச்சினன் எண்பத்திரண்டு போட்டான். எட்டாம் வகுப்பு வரைக்கும் ஆல் பாஸ் என்றால் சரி, விஸ்கிக்குமா? நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், மறைக்க மாட்டேன். அதில் மூன்றாம் டம்ளருக்கு நேராக என் கையெழுத்தில் இருப்பது: "வாசனை: விஸ்கி வாசனை."

இரண்டாவதுதான் பெரிய விஷயம். ரெண்டாம் டம்ளரை மூக்குக்குக் கீழே பிடித்து, கண்ணை மூடி, கோயில் கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால்கூட அவன் அப்படி நின்றதில்லை, மெதுவாகச் சொன்னான்: "லெதர் வருது மாமா. நல்ல பழைய லெதர்."

எந்த லெதர்?

இதை ஸ்காட்லாந்துக்காரன் சொல்லலாம். அவனுக்குத் தோல் என்றால் குதிரைச் சேணம், தாத்தாவின் சாய்வு நாற்காலி. என்னிடம் சொல்லலாமா? எங்கள் அரக்கோணத்துக்குச் சொந்தமானது ரயிலும் டயர் தொழிற்சாலையும்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேற்கே பஸ் ஏறினால் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, கொஞ்சம் ஒதுங்கினால் பேரணாம்பட்டு, எல்லாம் தோல் பதனிடும் ஊர்கள். ஜன்னலோரம் தூங்குகிறவன் ஊர் வந்துவிட்டதா என்று கண்ணைத் திறந்து பார்க்க மாட்டான், மூச்சு இழுத்துத் தெரிந்துகொள்வான். என் பெரியப்பா வாணியம்பாடி டேனரி ஒன்றில் கணக்கு எழுதினவர். சனிக்கிழமை ராத்திரி ரயிலில் வந்து இறங்கினால், பெரியம்மா சட்டையைத் திண்ணையிலேயே கழற்றச் சொல்லிவிட்டுத்தான் சொம்புத் தண்ணீர் கொடுப்பாள். இத்தனைக்கும் அவர் தொட்டது பேனாவை மட்டும்.

ஆகவே எந்த லெதர் என்று கேட்பதற்கு எனக்குப் பரம்பரை உரிமை இருக்கிறது. உப்புப் போட்டு அடுக்கி வந்த பச்சைத் தோலா? அதை ஊறவைத்த தொட்டியா? முடி உதிரச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்களே, அழுகின முட்டை வாசனை, அதுவா? பின்பக்கம் வழித்த சதை ஒரு மூலையில் குவிந்து வெயிலில் கிடக்குமே, அதற்கு எத்தனை மார்க்? குரோமியத்தில் புரண்டு டிரம்மிலிருந்து நீல நிறத்தில் சொட்டச் சொட்ட இறங்கும் வெட் ப்ளூவா? கடைசியில் பாலிஷ் ஏறி, ஷூ டப்பாவில் டிஷ்யூ பேப்பருக்குள் படுத்திருக்கும் வாசனைதான் உனக்குத் தெரிந்த லெதர் என்றால், அதைத் தோல் என்று சொல்லாதே, ஷோரூம் என்று சொல். டேனரிக் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்கு இந்தப் பக்கத்துக்காரர்கள் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1996-ல் தீர்ப்பு வாங்கினார்கள். அங்கே யாரும் நீதிபதியிடம் "மிதமான லெதர், முடிவில் லேசான இனிப்பு" என்று மனு கொடுக்கவில்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு மச்சினன் அசையவில்லை. "பட்டையில பதப்படுத்தற தோல் மாமா, குரோம் இல்ல" என்றான். இங்கேதான் எரிச்சல் உச்சத்துக்குப் போனது, ஏனென்றால் அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. குரோமியம் வருவதற்கு முன்னால் நம் பக்கத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பதப்படுத்தினார்கள். பட்டையில் இருக்கும் டேனின்தான் வேலையைச் செய்வது. ஐரோப்பாவில் அதற்கு ஓக் மரப்பட்டை. ஸ்காட்ச் விஸ்கி குறைந்தது மூன்று வருஷம் கிடந்தாக வேண்டியதும் ஓக் பீப்பாயில்தான், அங்கேயும் டேனின் இறங்குகிறது. போகட்டும். நாலாம் டம்ளரில் டிங்சர் வாடை, பீட் என்னும் முற்றா நிலக்கரிப் புகையில் பார்லியைக் காயவைத்ததால் வருவதாம். அரசு ஆஸ்பத்திரியில் இதே வாடையை இனாமாக முகர்ந்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் இதற்கு நடுவில் வந்தார். ஐ.என்.எஸ். ராஜாளியில் இருந்து ஓய்வு பெற்றவர். கடலே இல்லாத ஊருக்கு 1992-ல் கடற்படைத் தளம் வந்தது, அதன் வழியாக எங்கள் தெருவுக்கு இவர் வந்தார். பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்குத் தினப்படி ரம் கொடுப்பதை 1970-லேயே நிறுத்திவிட்டது. அந்தச் சேதி இவருக்கு வந்து சேரவில்லை. விஸ்கியை முகர்ந்துகூடப் பார்க்காமல் தன் ரம்மைத் தானே ஊற்றிக்கொண்டு, மச்சினன் ஒளித்து வைத்த மிக்சர் டப்பாவை எப்படியோ கண்டுபிடித்து மடியில் வைத்துக்கொண்டார். பெரியவராயிற்றே, அவரை யார் கேட்பது?

ஒன்றாம் டம்ளர் பெங்களூர் சரக்கு என்று மச்சினனுக்குச் சந்தேகம். அம்ருத் கம்பெனிக்காரர்கள் 2004-ல் தங்கள் சிங்கிள் மால்ட்டை முதன்முதலில் விற்கப் போனதே கிளாஸ்கோவுக்குத்தான். திருப்பதிக்கே லட்டு கொண்டுபோன துணிச்சல். பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். ஸ்காட்லாந்தில் அது வருஷத்துக்கு 2 சதவீதம் அளவில், பெங்களூரில் 10 சதவீதத்துக்கு மேல். அந்தக் குளுகுளு ஊருக்கே இப்படி. நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் பீப்பாய் வைத்தால் பலகை மட்டும் மிஞ்சும்.

அடுத்தது தண்ணீர். நாலு சொட்டு விட்டால் வாசனை எழும்புமாம். கதை இல்லை, 2017-ல் ஸ்வீடனில் ரெண்டு பேர் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். புகை வாசனை தரும் குவாயகால் என்ற பொருள், தண்ணீர் சேர்ந்ததும் மேல்பரப்புக்கு வருகிறதாம். சரி, எந்தத் தண்ணீர்? மினரல் அதிகம் கூடாது என்று போர் தண்ணீரை ஒதுக்கினான். கேன் தண்ணீரில் ஒன்றுமே இல்லை, செத்த தண்ணீர் என்றான். குழாய்த் தண்ணீரில் குளோரின். ஊற்றுத் தண்ணீர் இருந்தால் நல்லது மாமா, என்றான். சித்திரை மாதம், அரக்கோணத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு, ஊற்றுத் தண்ணீர்! அவன் அக்கா எட்டிப் பார்த்து, கேன்காரன் காலையிலிருந்து வரவில்லை, இருக்கிற ஒரு சொம்பு ராத்திரி சோற்றுக்கு, அதில் யாராவது கை வைத்தால் தெரியும் என்று சொல்லிவிட்டு, துடைப்பதற்காக நாலு டம்ளரையும் தூக்கி, அடியில் ஒட்டின நம்பரை உரித்துப் போட்டுவிட்டு, வேறு வரிசையில் வைத்துவிட்டுப் போனாள்.