மூன்றாவது 'க்ரி': நகக்கண் அழுக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆங்கிலத்தில் ஜி, ஆர், ஒய் என்று முடியும் சொற்கள் மூன்றே மூன்றாம். ஒன்று ஆங்ரி, இன்னொன்று ஹங்ரி. மூன்றாவது எது? 1975-இல் அமெரிக்க வானொலி வழியே பரவிய இந்த விடுகதை நூலகர்களைப் பாடாய்ப் படுத்தியது. விடுகதையின் ஒரு வடிவத்தில் விடை 'லாங்குவேஜ்'. அதாவது, 'தி இங்கிலிஷ் லாங்குவேஜ்' என்ற தொடரில் மூன்றாவது சொல்லைத்தான் கேட்டார்களாம். இது போங்கு. ஆய்வுலகம் இதை ஏற்பதற்கில்லை.

முதலில் இந்தச் சொற்களின் பூர்வீகத்தை விசாரிக்க வேண்டும். கோபக்காரச் சொல் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது; அங்கே அதன் வேருக்குத் துக்கம் என்று பொருள். பசிச் சொல் ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை. ஆங்கர், ஹங்கர் என்ற இரண்டின் வாலிலும் ஒய் வந்து ஏறியபோது நடுவில் நின்ற ஈ என்ற எழுத்து நசுங்கிக் காணாமல் போனது. ஆக, 'க்ரி' ஒரு விகுதியே அல்ல. டவுன் பஸ் நெரிசலில் உரசி நிற்கும் மூன்று பேர், அவ்வளவுதான். அதில் ஜியும் ஆரும் ஒரே வீடு, ஒய் வேறு வீடு. மூவரையும் ஒரே ரேஷன் கார்டில் எழுதியது விடுகதைக்காரர்கள் செய்த தவறு.

இனி வேட்பாளர்கள். வெயிலுக்காகத் தொப்பியின்மேல் வெள்ளைக்காரர்கள் சுற்றிக்கொண்ட துணி 'பக்ரி'; இந்தியிலிருந்து போன தலைப்பாகை. அதை அவர்கள் பலவிதமாக எழுதியதில் ஒரு எழுத்துக்கூட்டல் நமக்குச் சாதகம். மேற்கு ஆப்பிரிக்காவில் மண்ணைத் தோண்டி எடுக்கும் பழைய கண்ணாடி மணி 'அக்ரி'. மெலிந்து வாடியவரைச் சொல்லும் 'மீக்ரி', ஹங்ரிக்குத் தூரத்து உறவு மாதிரி இருக்கிறது. மூன்றும் டெபாசிட் இழக்கும் என்பது என் கணிப்பு.

ஏனெனில் உண்மையான வேட்பாளர் முன்னொட்டு எதுவும் இல்லாமல், அந்த மூன்று எழுத்தாகவே நிற்கிறார். உச்சரிப்பு மட்டும் 'க்ரை'. தத்துவஞானி ஜான் லாக், 1690 என்று ஆண்டு பொறித்து வந்த தம் பெருநூலில், அணுக்களைப் பற்றிப் பேசும் இடத்தில் இதை ஓர் அளவையாகப் புகுத்தி, கீழே விளக்கமும் தருகிறார். நொடிக்கு ஒரு வீச்சு ஆடும் ஊசலின் நீளத்தில் மூன்றில் ஒன்று தத்துவ அடி. அதைப் பத்தாகப் பிரித்தால் அங்குலம், அங்குலத்தைப் பத்தாகப் பிரித்தால் கோடு, கோட்டைப் பத்தாகப் பிரித்தால் க்ரை. கணக்குப் போட்டால் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வருகிறது. பெயர் கிரேக்கம். நகக்கண்ணில் சேரும் அழுக்கு என்பது ஒரு பொருள், பன்றியின் உறுமல் என்பது இன்னொன்று. எப்படியானாலும் அற்பத்திலும் அற்பம். 'இம்மியளவும்' என்கிறோமே, அந்த இம்மியும் ஒரு காலத்தில் முறையான அளவைதான். ஆனால் நம் இம்மி இன்னும் பேச்சில் பிழைத்துக் கிடக்கிறது. லாக்கின் க்ரையை அகராதியைத் தவிர வேறு யாரும் சீண்டுவதில்லை.

இதைக் களத்தில் சோதிப்பது கடமை என்று பட்டது. பூந்தொட்டிக்கு மண் கிளறிய வலது கைக் கட்டைவிரல், பையனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஒரு ஸ்கேல், பஞ்சாங்கம் பார்க்கும் பூதக்கண்ணாடி. ஜன்னலோர வெளிச்சத்தில் அளந்ததில், நகத்துக்கடியில் கருத்துக் கிடந்த பட்டையின் அகலம் ஒரு மில்லிமீட்டர். அதாவது மூன்று க்ரை. சரிபார்க்க இரண்டாம் முறை குனிந்தபோது சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, மணி ரெண்டரை. சாப்பிட வரீங்களா, இல்ல எடுத்து வெச்சிடவா?"

அந்தக் கணத்தில் ஆய்வாளர் ஹங்ரி, ஆய்வாளரின் மனைவி ஆங்ரி, ஆய்வுப்பொருள் கட்டைவிரலில் மூன்று க்ரை. மூன்று சொற்களும் ஒரே கூரையின் கீழ் கூடியது, எனக்குத் தெரிந்து, இதுவே முதல் முறை.

"கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க" என்றும் சேர்த்துச் சொன்னாள். கழுவினேன். எனவே சான்று இப்போது கைவசம் இல்லை. மறு ஆய்வு கோருபவர்கள் அடுத்த தொட்டி மாற்றும் வரை பொறுத்திருக்கவும்.