உட்கார்ந்து பார்க்கிற வேலை

எங்கள் ஊர் கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். அதனால் பள்ளிக்கூடத்தில் "அப்பா எங்கே வேலை பார்க்கிறார்?" என்று கேட்டால், வகுப்பில் பாதிப் பேர் எழுந்து "ஆபீஸ்ல சார்" என்போம். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வாத்தியார், இத்தனை ஆபீசர் வீட்டுப் பிள்ளைகளும் ஏன் செருப்பில்லாமல் வருகிறார்கள் என்று ஒரு மாதம் குழம்பிப்போனார்.

என் அப்பாவுக்கு அந்த ஆபீசில் குச்சியை மருந்தில் முக்குகிற வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்க வேண்டும். அப்படி நின்றே காலம் கழித்த மனிதர், மகன் கலெக்டராக வேண்டும், டாக்டராக வேண்டும் என்றெல்லாம் ஆசைப்படவில்லை. "நாற்காலி போட்ட ஆபீஸ்ல உக்காரணும்லே. மேல ஒரு ஃபேன் ஓடணும். வேற என்ன வேணும்?" என்பார்.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

2001-இல் பிளஸ் டூ முடித்தேன். 1200-க்கு 611. கணக்குப்பதிவியலில் 71. தேர்ச்சிக்கு அப்போது 70 போதும். "ஒரு மார்க்கை வீணாக்கிட்டியேடா" என்று கூடப் படித்தவன் வருத்தப்பட்டான். அப்பாவுக்கு அந்த நுணுக்கமெல்லாம் பிடிபடாது. எங்கள் வம்சத்திலேயே பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் காகிதம் அது. பள்ளியிலிருந்து மதிப்பெண் பட்டியலை வாங்கிவந்த அன்று சாயங்காலமே கொண்டுபோய் லேமினேஷன் போட்டுவிட்டார். மழையில் நனையாது, கரையான் அரிக்காது, பேரன் காலம்வரை இருக்கும் என்றார். விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் பளபளவென்று மின்னியது. அந்த மினுமினுப்பில் 71 கூட கொஞ்சம் கௌரவமாகத்தான் தெரிந்தது.

அதைப் பையில் வைத்துக்கொண்டு அப்பாவும் நானும் முதல் பஸ் பிடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனோம். அப்போதெல்லாம் பதிவு செய்தால் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கம் முத்திரை குத்திப் பதிவு எண் எழுதித் தருவார்கள். எழுத்தர் பட்டியலைத் திருப்பினார். முத்திரையை மையில் ஒற்றி, ஓங்கிக் குத்தினார். மை பிளாஸ்டிக்மேல் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மெதுவாக வழிந்து ஓரத்துக்கு நடக்க ஆரம்பித்தது. அவர் பதறிப்போய் விரலால் தடுத்தார். அரசு முத்திரையில் பாதி அவர் விரலோடு வந்துவிட்டது.

"இதை யாருய்யா பண்ணது?"

பாராட்டுகிறார் என்று நினைத்துவிட்டார் அப்பா. "நான்தான் சார்."

எழுத்தர் விரலை வேட்டியில் துடைக்க முடியாத வருத்தத்தோடு (பேன்ட் போட்டிருந்தார்) அப்பாவையே பார்த்தார். "பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்டு? அதையும் இப்படிப் பண்ணிட்டீரா?"

இல்லை. அன்று அப்பாவின் சட்டைப்பையில் ஒரு காகிதத்துக்குத்தான் காசு இருந்தது. வறுமை எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது. பத்தாம் வகுப்புப் பட்டியலின் முதுகில் எண் ஏறியது. "மூணு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும், மறந்துராதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

இன்டர்வியூ கார்டு வரும் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டே கடந்துபோனார். அந்த வருடம் நவம்பரில், நிதி நெருக்கடி என்று சொல்லி, சில பணிகள் நீங்கலாக அரசு வேலைகளுக்குப் புதிதாக ஆள் எடுக்கத் தடை வந்தது. 2006 வரை நீடித்தது. நான் பதிந்தது ஜூன். தடை வந்தது நவம்பர். என்னைப் பற்றிய சேதி கோட்டைக்குப் போய்ச் சேர ஐந்து மாதம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அரசாங்கம் கைவிட்டதும் சொந்தபந்தம் கையில் எடுத்தது. 'சொல்லி வச்சிருக்கேன்' என்பது தமிழ்நாட்டின் மிகப் பெரிய வேலைவாய்ப்புத் துறை. அதற்குக் கட்டடம் கிடையாது, பதிவு எண் கிடையாது, புதுப்பிக்கவும் வேண்டாம். கல்யாண வீட்டுப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே அது இயங்கும்.

"மாமா, அந்த மில்லு மேனேஜர்ட்ட கேட்டீங்களா?"

"சொல்லி வச்சிருக்கேன் மாப்ளே. ஒரு வார்த்தைல முடிஞ்சிரும்."

எட்டு மாதம் கழித்துப் பொறுக்க முடியாமல் நானே மில்லுக்குப் போய் விசாரித்தேன். அந்த மேனேஜர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாமாவிடம் வந்து சொன்னேன். அவர் அசரவில்லை. "அதான் லேட்டாகுது" என்றார்.

சும்மா இருக்கிறவன் டைப்ரைட்டிங் படிக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து எழுதப்படாத சட்டம். லோயர் சேர்ந்தேன். நிமிடத்துக்கு 30 வார்த்தை. ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, மேலே ஃபேன் ஓட, தட்டித்தள்ளினேன். அப்பா கண்ட கனவு அச்சு அசலாக அதுதான். சம்பளம் மட்டும் நான் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் லோயர் பாஸ் செய்த நேரத்தில் ஆபீஸ்களில் டைப்ரைட்டர்கள் ஒவ்வொன்றாக பீரோ மேலே ஏறிக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் வேலை போய்விட்டது. ஆனாலும் உட்கார இடம் கிடைத்திருந்தது.

எங்கள் தமிழ் ஐயா ஒருநாள் வழியில் நிறுத்தி ஆறுதல் சொன்னார். "பக்கத்துல இடைசெவல்தான் கி.ராஜநாராயணனுக்கு ஊரு. பள்ளிக்கூடப் படிப்பையே முடிக்காதவர். பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்துல கூப்பிட்டு பேராசிரியரா உக்கார வச்சாங்க தெரியும்லா?" இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது. அவர் கதை கதையாக எழுதியிருந்தார். நான் அதுவரை எழுதியிருந்ததெல்லாம் விண்ணப்பம்.

பிறகு ஒரு நாளிதழ் விளம்பரம். 'மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ் தேவை. பிளஸ் டூ பாஸ்/ஃபெயில். முன் அனுபவம் தேவையில்லை.' பாஸானவனுக்கும் ஃபெயிலானவனுக்கும் நடுவே ஒரு சாய்கோடு போட்டுச் சமமாக நடத்துகிற நிறுவனம் எப்படிப்பட்டது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். மதுரையில் ஒரு மாடி அறை. லேமினேஷனை நீட்டினேன். அதை வாங்கி, வியர்த்திருந்த முகத்துக்கு விசிறிக்கொண்டே மேலாளர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். "சைக்கிள் இருக்கா? டெபாசிட் கட்டுவியா? டை கட்டத் தெரியுமா?" கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் தெரியவில்லை. பரவாயில்லை என்று எலாஸ்டிக் வைத்த ரெடிமேட் டை ஒன்றைக் கொடுத்தார். கூடவே ஒரு பெட்டி நிறைய கேஸ் லைட்டர்.

"உன் சொந்த ஊர்லயே வித்துக்கோ" என்றார்.

தீப்பெட்டி செய்கிற ஊரில், தீப்பெட்டி செய்கிறவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, தீப்பெட்டியே தேவைப்படாத சாமானை விற்கிற உத்தியோகம்! கரிசல் வெயிலில் டையோடு தெருவில் இறங்கினேன். முதல் நாய் என்னைத் தபால்காரர் என்று நினைத்தது. முதல் வீட்டு அத்தை வாங்கிக் கையில் வைத்து 'டிக் டிக்' என்று நாலு தரம் அழுத்திப் பார்த்தார். குழந்தை கையில் கொடுத்து அதையும் அழுத்த வைத்தார். பிறகு, "நல்லாத்தான்யா இருக்கு. ஆனா எங்க வீட்ல கேஸ் அடுப்பு இல்லையே, விறகடுப்புல்லா" என்றார்.

ராத்திரி அப்பா பெட்டியைத் திறந்து பார்த்தார். "எவ்வளவு?"

"அறுபது ரூபா."

அப்போது ஒரு தீப்பெட்டி 50 காசு. அப்பாவுக்குக் கணக்குப் போட காகிதம் வேண்டாம். "நூத்தி இருவது பெட்டி. ஏலே, அப்பன் முக்குற குச்சியில நீயே தண்ணிய ஊத்துறியே!" மறுநாள் டையோடும் பெட்டியோடும் நான் மதுரைக்குப் போனேன். டெபாசிட் திரும்ப வரவில்லை. 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது 2023-இல். தீப்பெட்டித் தொழிலைக் காப்பாற்ற என் அப்பா 2002-லேயே நடவடிக்கை எடுத்துவிட்டார்.

அடுத்தது சென்னை. எங்கள் பக்கத்துப் பையன்களும் பெண்களும் ரயிலேறினால் தியாகராய நகர் ஜவுளிக்கடையில்தான் இறங்குவார்கள். நானும் ஒரு கடையில் சேலை செக்‌ஷனில் சேர்ந்தேன். 2010-இல் 'அங்காடித் தெரு' படம் வந்தபோது எல்லோரும் கண்ணீர் விட்டார்கள். நான் மட்டும் தியேட்டரில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்க்கிற சௌகரியத்தை நினைத்து மகிழ்ந்தேன். ஏனென்றால் கடையில் உட்காரக் கூடாது. காலை கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். அலமாரியில் சாயக் கூடாது. ஒரு காலை மடக்கி மறு காலில் நிற்கலாம். அது கொக்குக்கும் எங்களுக்கும் மட்டும் அனுமதிக்கப்பட்டது.

ஆனால் சேலையில் குத்தியிருக்கிற குண்டூசி கீழே விழுந்தால் எடுத்தாக வேண்டும். வாடிக்கையாளர் காலில் குத்திவிடும் அல்லவா? எடுக்க வேண்டுமென்றால் கவுன்டருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்துதான் தேட வேண்டும். மதியத்துக்குமேல் எங்கள் செக்‌ஷனில் ஊசிகள் மளமளவென்று விழ ஆரம்பிக்கும். ஆளுக்கு இரண்டு நிமிடம், முறை வைத்துத் தேடுவோம். கெண்டைக்கால் நரம்பு தளரும்போது வருகிற சுகத்தை எந்தப் பஞ்சணையும் தராது. சூப்பர்வைசர் ஒருநாள் மேலே நின்று கேட்டார். "அது எப்படிடா உங்க செக்‌ஷன்ல மட்டும் இத்தனை ஊசி விழுது?"

"பட்டு வழவழன்னு இருக்குண்ணே, ஊசி நிக்க மாட்டேங்குது" என்றான் பக்கத்தில் குத்தவைத்திருந்தவன். நாங்கள் விற்றது பருத்திச் சேலை.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021-இல். அதுவரை எத்தனை ஊசிகள் விழுந்தனவோ!

மூன்று வருடம் நின்றேன். நின்ற மும்முரத்தில் ஒன்றை மறந்துபோனேன். 2004-இல் வேலைவாய்ப்புப் பதிவைப் புதுப்பிக்கவில்லை. 2006-இல் ஊர் திரும்பியபோது அரசு வேலையில்லா இளைஞர்களுக்கு உதவித்தொகை அறிவித்திருந்தது. (பன்னிரண்டாம் வகுப்புக்கு இன்றைய கணக்கில் மாதம் 400 ரூபாய்.) நிபந்தனை: பதிவு செய்து ஐந்து வருடம் வேலை கிடைக்காமல் காத்திருந்திருக்க வேண்டும். படித்ததும் துள்ளிக் குதித்தேன். வாழ்நாளில் முதல்தடவையாக என்னிடம் முன் அனுபவம் இருந்தது! ஓடிப்போய்ப் பதிவு அட்டையை நீட்டினேன். பதிவு காலாவதி. சீனியாரிட்டி போயே போச்சு. மறுபடி முதலிலிருந்து ஐந்து வருடம். வேலையில்லாமல் இருப்பதற்குக்கூட எனக்குத் தகுதி போதவில்லை.

கடைசியில் எனக்கு வேலை கொடுத்தது வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் இருந்த ஜெராக்ஸ் கடை. பதிவு அட்டையை நகல் எடுக்கப் போனேன். இயந்திரத்தில் தாள் சிக்கிக்கொண்டு கடைக்கார அண்ணாச்சி திணறிக்கொண்டிருந்தார். டைப்ரைட்டரில் நாடா சிக்கினால் எடுத்த பழக்கத்தில் நான் கதவைத் திறந்து தாளை உருவினேன். "தம்பி எங்க வேலை பாக்கீங்க?" என்றார். "சும்மாதான் இருக்கேன் அண்ணாச்சி." "அப்ப நாளைலேர்ந்து இங்க வந்து சும்மா இரும்." என்ன படித்திருக்கிறேன் என்று இன்றுவரை அவர் கேட்கவில்லை. பிற்பாடு கடையை எனக்கே கைமாற்றிவிட்டார்.

2017 கடைசியில், பத்தாம் வகுப்பு படித்தால் எழுதக்கூடிய குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பம் கேட்டபோது கடையில் கால் வைக்க இடமில்லை. 9,351 இடத்துக்கு 20 லட்சம் பேருக்குமேல் போட்டார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் கூட்டம் குறையும்வரை காத்திருந்து, தணிந்த குரலில் கேட்டார். "அண்ணே, பி.எச்டி. இருக்குன்னு போட்டா கழிச்சு விட்ருவாங்களோ?" எனக்குக் குறைந்துபோனது அவருக்கு மிஞ்சிப்போயிருந்தது. இருவருமே விண்ணப்பித்தோம். தேர்வானவர்களில் நான் இல்லை. அவர் இருந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நகல் எடுக்க மறுபடி அவர் வரவில்லை.

ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டுதான் வேலை பார்க்க வேண்டும். ஆனால் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். மேலே ஃபேன் ஓடுகிறது. காலையில் வந்து அப்பா அதில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். யாராவது கேட்டால், "பையன் ஆபீஸ்" என்கிறார்.

கடையில் லேமினேஷன் இயந்திரமும் உண்டு. அடையாள அட்டை, சாமி படம், கல்யாணப் போட்டோ எல்லாம் போட்டுத் தருவேன். யாராவது ஒரு தகப்பனார் மகன் மதிப்பெண் பட்டியலின் அசலைக் கொண்டுவந்து நீட்டினால் மட்டும், வருகிற காசு போனாலும் பரவாயில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். அசலை லேமினேஷன் போடாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், போதும். நகல் எடுக்கும்போது பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.