ஓ.ஆர்.எம். கேள்விகளுக்கு ஓரளவு பதில்கள்

கே: மூன்று இண்டர்வியூவில் ‘ஓ.ஆர்.எம். தெரியுமா?’ என்று கேட்டார்கள். மூன்றிலும் தலையாட்டிவிட்டேன். அது என்ன சார்?

ப: கவலை வேண்டாம், கேட்டவர்களில் சிலரும் அப்படித் தலையாட்டித்தான் உள்ளே வந்திருப்பார்கள். உங்கள் நிரல் ஆப்ஜெக்ட்டுகளாக யோசிக்கிறது: ஒரு வாடிக்கையாளர், அவருக்குள் ஆர்டர்கள், ஆர்டருக்குள் பொருட்கள். டேட்டாபேஸுக்கு அந்த ‘உள்ளே’ என்பதே கிடையாது. 1970-இல் ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் வகுத்தபடி, அதற்கு எல்லாமே டேபிள்தான். ஒரு டேபிளில் உள்ள எண் இன்னொரு டேபிளில் உள்ள எண்ணோடு பொருந்தினால் அதுவே உறவு. இந்த இரண்டு வீட்டாருக்கும் நடுவில் நின்று பேசி முடிக்கும் தரகர்தான் ஓ.ஆர்.எம். தரகர் என்றால் கமிஷன் உண்டு. சில விஷயங்களை இரண்டு பக்கமும் சொல்லாமல் விடுவதும் உண்டு.

கே: பைத்தானில் புதிதாக ஒரு வெப் அப்ளிகேஷன் ஆரம்பிக்கிறோம். ஜாங்கோவின் ஓ.ஆர்.எம்.மா, எஸ்.கியூ.எல். ஆல்கெமியா? ஆபீஸ் இரண்டு கட்சியாகிவிட்டது.

ப: கட்சி பிரிவதற்கு முன்பே முடிவு வந்துவிட்டது, ஃபிரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுத்த அன்றைக்கே. ஜாங்கோ, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழ் அலுவலகத்தில் உருவாகி 2005-இல் வெளியே வந்தது. பத்திரிகைக்காரர்களின் அவசரம் அதில் இன்னும் இருக்கிறது. அட்மின் பக்கம், ஃபார்ம், மைக்ரேஷன் எல்லாம் கையோடு வரும். ஆனால் அவற்றில் பெரும்பகுதி அதன் சொந்த ஓ.ஆர்.எம்.மை நம்பி நிற்பவை. அதைக் கழற்றிவிட்டு ஆல்கெமியை மாட்டினால் அட்மின் பக்கம் போச்சு. ஜாங்கோவை எடுத்ததற்குப் பாதிக் காரணமே அந்த அட்மின்தானே? ஃபிளாஸ்க், ஃபாஸ்ட்ஏபிஐ என்றால் கதை வேறு. அவற்றுக்குச் சொந்தமாக ஓ.ஆர்.எம். கிடையாது, ஆல்கெமிதான் வழக்கமான துணை.

சுபாவத்திலும் இரண்டும் வேறு. மார்ட்டின் ஃபவுலர் 2002-இல் வெளியிட்ட புத்தகத்தில் இரண்டு வகைக்கும் பெயர் வைத்தார்: ஆக்டிவ் ரெக்கார்ட், டேட்டா மேப்பர். ஜாங்கோ முதல் வகை. ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் தன்னைத்தானே சேமித்துக்கொள்ளத் தெரியும். ‘சேவ்’ என்றதும் கொயரி கிளம்பிவிடும். மைக் பேயர் 2006-இல் வெளியிட்ட ஆல்கெமி இரண்டாவது வகை. நீங்கள் செய்யும் மாற்றங்களையெல்லாம் ‘செஷன்’ குறித்து வைத்துக்கொண்டு, எதை முன்னால் எழுத வேண்டும், எதைப் பின்னால் எழுத வேண்டும் என்று பார்த்து மொத்தமாக எழுதும். புதிதாக வருகிறவருக்கு இது பிடிபடும்வரை எரிச்சலாகத்தான் இருக்கும். பிடிபட்ட பிறகு சிக்கலான டிரான்ஸாக்‌ஷன்களில் அதன் அருமை தெரியும். அதோடு ஆல்கெமிக்கு ‘கோர்’ என்று ஒரு கீழ்த்தளம் உண்டு. ரிப்போர்ட் எழுதும்போது ஆப்ஜெக்ட் பேச்சையே விட்டுவிட்டு அங்கே இறங்கி, பைத்தானிலேயே எஸ்.கியூ.எல். கட்டலாம்.

இன்னொன்று. ஏற்கெனவே இருக்கும் பழைய டேட்டாபேஸின் மீது கட்டுகிறீர்கள், அதில் இரண்டு மூன்று பத்திகள் சேர்ந்துதான் பிரைமரி கீ என்றால், ஆல்கெமி முகம் சுளிக்காது. ஜாங்கோவுக்கு அந்த மனசு வந்தது 2025-இல், 5.2 பதிப்பில்தான்.

கே: என் லேப்டாப்பில் பறக்கிற பக்கம் சர்வரில் ஏற்றியதும் ஊர்கிறது. ஓ.ஆர்.எம். சரியில்லையா?

ப: உங்கள் லூப் சரியில்லை. நூறு ஆர்டரை ஒரே கொயரியில் எடுத்துவிட்டீர்கள், சபாஷ். பிறகு ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரை அச்சிடுகிறீர்கள். பார்ப்பதற்கு அது ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளிக்குப் பின்னால் தரகர் ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸுக்கு ஓடிப் போய் வருகிறார். மொத்தம் நூற்றியொரு கொயரி. லேப்டாப்பில் டேட்டாபேஸும் அதே பெட்டிக்குள் இருப்பதால் தெரியவில்லை. சர்வரில் ஒரு தடவை போய்வர இரண்டு மில்லிசெகண்ட் என்றாலும் போக்குவரத்துக்கு மட்டுமே 200 மில்லிசெகண்டுக்கு மேல். இதற்கு ‘என் பிளஸ் ஒன்’ என்று பெயர்.

மருந்து இரண்டு பக்கமும் இருக்கிறது. ஜாங்கோவில் ‘செலக்ட் ரிலேட்டட்’ ஜாயின் போட்டு ஒரே நடையில் கொண்டுவரும். ‘ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்’ இன்னொரு கொயரி அனுப்பிப் பைத்தானில் சேர்த்து வைக்கும். ஆல்கெமியில் ‘ஜாயிண்ட் லோட்’, ‘செலக்ட் இன் லோட்’. எனக்குப் பிடித்தது அதிலுள்ள ‘ரெய்ஸ் லோட்’: சொல்லாமல் டேட்டாபேஸுக்கு ஓடினால் எரர் வந்துவிடும். கூச்சல் போடுகிற லைப்ரரி மேல். சத்தமில்லாமல் மெதுவாகிற லைப்ரரியைத்தான் நம்பக் கூடாது.

கே: ஓ.ஆர்.எம். இருந்தால் மைஎஸ்.கியூ.எல்.லிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு ஒரே வரியில் மாறிவிடலாமாமே?

ப: அந்த ஒரு வரியை மாற்றிவிடலாம். மறுநாள் காலையில் சிலருக்கு லாகின் ஆகாது. மைஎஸ்.கியூ.எல். வழக்கமான அமைப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது, போஸ்ட்கிரெஸ் பார்க்கும். தன் மின்னஞ்சலின் முதல் எழுத்தை இதுவரை எப்படியோ தட்டிக்கொண்டிருந்தவர் வெளியே நிற்பார். என்றோ மாறக்கூடும் என்று பயந்து, போஸ்ட்கிரெஸ் தரும் நல்ல வசதிகளைத் தொடாமலே வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும்.

கே: எஸ்.கியூ.எல். படிக்காமல் தப்பிக்க வழி உண்டா?

ப: உண்டு. மேனேஜர் ஆகிவிடுங்கள்.

கே: ஓ.ஆர்.எம். போட்டுவிட்டால் எஸ்.கியூ.எல். இன்ஜெக்‌ஷன் பயம் இல்லைதானே?

ப: பெரும்பாலும் இல்லை, பயனர் தட்டுகிற மதிப்பைக் கொயரியோடு ஒட்டாமல் தனியாக அனுப்பிவிடும். ஆனால் அவசரத்துக்கு ‘ரா’ கொயரி எழுதும்போது, மதிப்பை நீங்களே சரத்துக்குள் ஒட்டினால் பூட்டிய வீட்டின் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தீர்கள் என்று அர்த்தம். ரா கொயரியிலும் பாராமீட்டர் உண்டு, பயன்படுத்துங்கள்.

கே: இவ்வளவு தலைவலி எதற்கு? நேரடியாக எஸ்.கியூ.எல். எழுதிவிட்டுப் போகலாமே?

ப: போகலாம். டெட் நியூவர்ட் 2006-இல் எழுதிய கட்டுரையில் ஓ.ஆர்.எம்.மைக் கணினித் துறையின் வியட்நாம் போர் என்றே சொன்னார்: நுழைவது சுலபம், வெளியே வருவதுதான் கஷ்டம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோக்காரர்கள் வேகம் போதாமல் 2011-இல் டேப்பர் என்ற சிறிய லைப்ரரியைச் செய்துகொண்டார்கள், எஸ்.கியூ.எல். உங்களுடையது, வரும் வரிசைகளை ஆப்ஜெக்ட்டில் போடுவது மட்டும் அதன் வேலை. கோ மொழியில் எஸ்.கியூ.எல்.சி., நீங்கள் எழுதிய கொயரியைப் படித்து நிரலைத் தயாரித்துத் தருகிறது. இவை நல்ல நடுவழிகள். ஒன்றுமே வேண்டாம் என்று வெறுங்கையோடு இறங்குகிறவர்கள்தான் சில மாதங்களில் சொந்தமாக ஓர் ஓ.ஆர்.எம். எழுதி முடித்திருப்பார்கள், ஆவணமும் டெஸ்ட்டும் இல்லாமல்.

கே: கிட்ஹப்பில் எதற்கு நட்சத்திரம் அதிகமோ அதை எடு என்கிறார் டீம் லீட்.

ப: நட்சத்திரம் பார்ப்பது கல்யாணத்துக்கு. லைப்ரரிக்கு வேறு பொருத்தம் பாருங்கள்: அனுப்பும் எஸ்.கியூ.எல்.லைக் காட்டுகிறதா, வேண்டும்போது ரா கொயரிக்கு வழிவிடுகிறதா, மைக்ரேஷனுக்குக் கருவி உண்டா, கடைசியாக எப்போது புதுப் பதிப்பு வந்தது. முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்றால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம்.

கே: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை எடுப்பது?

ப: ஜாங்கோ என்றால் ஜாங்கோவினுடையது. பைத்தானில் மற்ற எதுவானாலும் ஆல்கெமி. எடுத்த கையோடு, போகிற கொயரிகளைக் காட்ட முன்னதில் டீபக் டூல்பாரையும் பின்னதில் ‘எக்கோ’வையும் போட்டுவிட்டு, உங்கள் அப்ளிகேஷனிலேயே மெதுவான பக்கத்தைத் திறந்து எத்தனை கொயரி போகிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கையை எனக்கு எழுதி அனுப்புங்கள். மூன்று இலக்கத்தில் இருந்தால் கம்பெனிப் பெயர் வேண்டாம்.