கைடுக்குக் கைடு

எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்து, காசு கொடுத்து ஒரு கைடு வைத்துக்கொண்டு மலை ஏறப் போகும் எந்தக் கூட்டத்திலும் இவர் ஒருவர் இருப்பார். தேடவே வேண்டாம். கைடுக்கு ஒரு அடி பின்னாலோ, பாதை அகலமாக இருந்தால் அரை அடி முன்னாலோ நடந்துகொண்டிருப்பார். கைடு வாய் திறப்பதற்குள் பதில் சொல்லிவிடுவார். தப்பித் தவறிக் கைடு முந்திக்கொண்டால், "அது சரி, ஆனா..." என்று ஆரம்பிப்பார். வழிகாட்டச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துவிட்டு, வழிகாட்டப்படுவதை மானக்கேடாக நினைக்கிற ஜீவன்.

இந்த இனம் எல்லா நாட்டிலும் உண்டு. எல்லா மொழியும் பேசும். ஆனால் இது நன்றாக ஊட்டம் பெற்று வளரத் தோதான இடம் எரிமலைத் தீவுதான். சாதாரண மலையில் சொல்வதற்கு என்ன இருக்கிறது? மரம், பாறை, ஒரு அருவி, தீர்ந்தது. எரிமலைத் தீவிலோ அரை மணிக்கு ஒருமுறை நிலம் வேஷம் மாற்றும். ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு பெயர், ஒரு ஆண்டு, ஒரு உயரம். மனப்பாடம் செய்துகொண்டு வந்தவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நான் அருகிலிருந்து பார்த்த உருப்படி ரீயூனியன் தீவில் அகப்பட்டது. மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில், இன்றும் பிரான்சின் ஒரு மாவட்டமாக இருக்கும் தீவு. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகள் அங்கே கோயில் கட்டி, காவடி எடுத்து, தீ மிதித்து வாழ்கிறார்கள். எங்கள் கைடாக வந்த பெண்ணும் அவர்களில் ஒருத்தி. குடும்பப் பெயரில் தமிழ் இருந்தது, நாக்கில் இல்லை. சுமார் முப்பது வயது. முதுகில் சாயம் போன ஒரு பை, அதில் ஒரு பிளாஸ்க், எல்லோருக்குமாகச் சர்க்கரைவள்ளிக்கிழங்குக் கேக். அவ்வளவுதான் அவள் சாமான்.

நம்மவர் சாமானைச் சொல்லித் தீராது. கையில் இரண்டு ஊன்றுகோல், இரண்டின் நுனியிலும் ரப்பர் குல்லாய். பையிலிருந்து தோள்மேல் ஏறி வாய்வரை வரும் தண்ணீர்க் குழாய். பிடரியை மூடும் தொப்பி. கழுத்தில் விசிலும் பைனாகுலரும். மணிக்கட்டில் உயரம், காற்றழுத்தம், இதயத்துடிப்பு எல்லாம் காட்டும் கடிகாரம். நேரமும் காட்டும் என்று சொன்னார். பூர்வீகம் காரைக்கால். பல வருஷமாகப் பாரிஸ் பக்கம், அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு. நான் புதுச்சேரி என்றதும் "அப்ப நம்ம பிள்ளை" என்று தத்தெடுத்துக்கொண்டார். அதன் பிறகு கைடு பிரெஞ்சில் ஒரு வாக்கியம் சொன்னால், எனக்குத் தமிழில் பத்து வாக்கியம் கிடைத்தது.

பத்து மணிக்கெல்லாம் மேகம் வந்து மலையை மூடிவிடும் என்பதால் விடிவதற்கு முன்பே வேன் கிளம்பியது. முன் சீட்டில் அவர். கரும்புக் காடு கீழே போக, ப்ளேன் தே காஃப்ர் மேட்டில் புல்வெளியும் பனிமூட்டமும் கொழுத்த மாடுகளும் வந்தன. வண்டியை ஓட்டுவதும் கைடுதான். எந்த வளைவில் எந்த கியர் என்று சொல்வது மட்டும் இவர்.

கொமர்சோன் எரிமலைவாய் அருகே நிறுத்தினோம். கைடு விளிம்பைக் காட்டி, "ஆழமான பள்ளம், ஜாக்கிரதை" என்றாள். நம்மவர் திரும்பினார். "தம்பி, 1980 ஜனவரி. இயாசிந்த் புயல். இந்த இடத்துல பதினஞ்சு நாள்ல 6,083 மில்லிமீட்டர் மழை. உலக சாதனை!" சென்னையில் நாலு வருஷம் பெய்தாலும் அவ்வளவு பெய்யாது. தகவல் தப்பு என்றால் ஒதுக்கிவிட்டு நடக்கலாம். இவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருந்துதொலைக்கும், அதுதான் கொடுமை. கைடு சிரித்தபடி, அந்தப் புயலில் தன் பாட்டி வீட்டுக் கூரை பறந்துபோனதாகச் சொல்வார்கள் என்றாள். இவர் தலையை ஆட்டினார். "அந்தப் புயல்ல காத்து கம்மி, மழைதான் ஜாஸ்தி. பாட்டி வேற புயலைச் சொல்லியிருப்பாங்க."

பாட்டியின் கூரையையே திருத்திய பிறகு, பாக்கி எது தப்பும்?

அடுத்த இறக்கத்தில் ப்ளேன் தே சாப்ல் தெரிந்தது. செம்பழுப்பில் கரியும் சாம்பலும் பரந்து கிடக்கும் சமவெளி, நடுவே ஒரு மண்சாலை, மருந்துக்கும் மரம் இல்லை. வேனுக்குள் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அப்படி ஒரு இடம். அந்த மௌனத்தை அவரால் தாங்க முடியவில்லை. "தம்பி, இது யாரு எரிமலைன்னு நினைச்சீங்க? நம்மளுது! ஆறரை கோடி வருஷத்துக்கு முன்னாடி தக்காணத்துல லாவாவைக் கொட்டின அதே அடுப்பு. இந்தியா வடக்கே நகர்ந்து போயிடுச்சு, அடுப்பு பின்தங்கிடுச்சு. வர்ற வழியில மாலத்தீவு, மொரீஷியஸ், கடைசியா இது." புவியியல்காரர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் மகாராஷ்டிரத்துப் பக்கம் கொட்டிய லாவாவுக்குக் காரைக்கால்காரர் பட்டா கேட்பதைத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

சாலை முடிகிற இடம் பா த பெல்கோம்ப். அங்கிருந்து கீழே பார்த்தால், பல கிலோமீட்டர் அகலத்துக்குக் கறுத்துக் கிடக்கும் பெரும்பள்ளம். அதன் நடுவில் பித்தோன் த ல ஃபூர்னேஸ். உலகிலேயே அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. மலை முனகத் தொடங்கினால் பள்ளத்துக்கு இறங்கும் கதவைப் பூட்டிவிடுவார்கள். அன்று திறந்திருந்தது. பலகையில் உயரம் 2,311 மீட்டர் என்று எழுதியிருந்தார்கள். கடிகாரம் 2,304 காட்டியது. நம்மவர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பலகையை மாற்றச் சொல்லி எழுதிப்போட வேண்டும் என்று தீர்மானித்தார். சிகரத்தின் உயரம் 2,631-ஆ 2,632-ஆ என்ற வழக்கும் அவரிடம் நிலுவையில் இருந்தது. இரண்டு எண்ணும் புத்தகங்களில் புழங்குகின்றன. அவர் எப்போதும் கைடு சொல்லாத எண்ணின் கட்சி.

எனக்கும் அந்த இடத்தில் ஒரு தகவல் தெரியும். பெல்கோம்ப் என்பவர் இந்தத் தீவின் கவர்னராக இருந்துவிட்டு, பிறகு நம் புதுச்சேரிக்குக் கவர்னராக வந்தவர். 1778-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது கோட்டையை ஒப்படைத்தவரும் அவரே. புதுச்சேரிக்காரன் இதை அந்த இடத்தில் சொல்லாமல் எங்கே சொல்வது? நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் கடிகாரத்தைத் தட்டித் தட்டி வாதாடிக்கொண்டிருந்தார். விழுங்கிவிட்டேன்.

பாறைச்சுவரை ஒட்டி ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது யாருக்கும் அவை பொருட்டில்லை. கீழே ஃபோர்மிக்கா லியோ என்ற குட்டி எரிமலைக் கூம்பு. 1753-இல் வெடித்தது, குழியானைப் பூச்சியின் பெயர் வைத்திருக்கிறார்கள். மணலில் அந்தப் பூச்சி தோண்டும் குழியைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். அதைத் தாண்டினால் லாவாத் தரைதான், கண்ணுக்கெட்டிய தூரம்வரை. மூடுபனியில் வழி தவறாமலிருக்கப் பாறைகளில் வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நாலு எட்டுக்கு ஒரு புள்ளி. நம்மவர் அவற்றை நம்பவில்லை, கைபேசியில் இறக்கி வைத்த வரைபடத்தைத்தான் நம்பினார். கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடந்து, வெள்ளைப் புள்ளியின் மேலேயே நின்று, "பாதை இங்கதான் எங்கயோ இருக்கணும்" என்றார்.

இங்கேதான் அந்தச் சம்பவம். லாவாவில் இரண்டு வகை. வழுவழுவென்று முறுக்கிய கயிறாக உறைந்தது ஒன்று, சொரசொரவென்று உடைந்து கிடப்பது மற்றொன்று. உலகம் முழுக்க இவற்றுக்கு ஹவாய்த் தீவின் பெயர்கள்தான். முதலாவது பாஹோய்ஹோய், இரண்டாவது ஆஆ. நம்மவர் சொரசொரப்பான பகுதி வந்ததும் ஊன்றுகோலை நீட்டி, "ஆஆ!" என்று கூவினார். முன்னால் போன கைடு கால் பிசகிவிட்டதென்று பதறி ஓடி வந்தாள். பின்னால் வந்த பெல்ஜியத் தம்பதி முதலுதவிப் பையைத் திறந்துவிட்டார்கள். இவர் நிதானமாக, "லாவாவோட பேரு" என்றார். அடுத்த ஒரு கிலோமீட்டரில் எத்தனை ஆஆ என்று எண்ண முடியாது. பிற்பாடு, திரும்பும் வழியில், நிஜமாகவே ஒரு கல் புரண்டு, அவர் குந்தினாற்போல் விழுந்து, அடிவயிற்றிலிருந்து "ஆஆ!" என்று அலறினார். எல்லோரும் மரியாதையாகப் பாறையைப் பார்த்தோம். பெல்ஜியக்காரர் போட்டோ கூட எடுத்தார்.

கேக் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் இன்னொன்று. இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத தெக்தெக் என்ற சின்னக் குருவி, மனிதரைக் கண்டு பயப்படாது. என்ன செய்கிறோம் என்று பார்க்கக் கிட்டவே வரும். அதன் லத்தீன் பெயரைச் சொல்லிவிட்டு நம்மவர் பைனாகுலரைத் தூக்கி, தூரத்துப் புதர்களை அலசினார். குருவி அவர் பக்கத்தில் நட்டு வைத்திருந்த ஊன்றுகோலின் கைப்பிடியில் வந்து உட்கார்ந்தது. வாலை ஆட்டியது. அவர் காதைப் பார்த்தது. கைடு உதட்டில் விரலை வைத்து எங்களைச் சைகையால் அடக்கினாள். "இந்த நேரத்துல கிடைக்காது" என்று அவர் பைனாகுலரை இறக்கியபோது அது பறந்துவிட்டது.

ஏற்றத்தில் ஊன்றுகோலை எப்படி ஊன்ற வேண்டும் என்று கைடுக்கு வகுப்பெடுத்தார். அவளிடம் கோலே இல்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பெல்ஜியப் பெண் இடையில், இந்தத் தீவில் ஏதோ பைத்தியக்கார ஓட்டப்பந்தயம் உண்டாமே என்றாள். தெற்கே சேன் பியேரிலிருந்து வடக்கே சேன் தெனிவரை, 160 கிலோமீட்டருக்கு மேல், மலைமலையாக ஏறி இறங்கி, அக்டோபர் தோறும் நடப்பது. பெயரே 'பைத்தியங்களின் மூலைவிட்டம்' என்றுதான். "ஆமாம், நான் இரண்டு தடவை ஓடி முடித்திருக்கிறேன்" என்றாள் கைடு, நேற்று சந்தைக்குப் போய் வந்ததைச் சொல்கிற குரலில். ஒரு கணம் அவர் வாயடைத்துப் போனார். ஒரே கணம்தான். "முழங்காலுக்கு நல்லதில்ல" என்றார்.

உச்சியில் தொலோமியூ எரிமலைவாய். 2007 ஏப்ரலில் மலையின் வயிற்றிலிருந்த லாவா பக்கவாட்டில் வழிந்து கடலுக்குப் போனதும், வயிறு காலியாகி, இதன் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்வாங்கிவிட்டது. அதைப் பார்க்கத்தான் இத்தனை நடை. நாங்கள் விளிம்புக்குப் போய்ச் சேரவும் மேகம் ஏறவும் சரியாக இருந்தது. கண்ணெதிரே வெள்ளை, வெறும் வெள்ளை. கைடு தோளைக் குலுக்கினாள். மற்றவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நம்மவர் மட்டும் எழுந்து நின்று, ஊன்றுகோலால் மேகத்தைச் சுட்டி, "இதோ, இடது பக்கம் செங்குத்தா இறங்குது பாருங்க, வலது பக்கம் புகை வருது, நேர் எதிர்ல சரிவு" என்று இல்லாத காட்சியைத் துண்டு துண்டாக விளக்கினார். ஒன்று சொல்ல வேண்டும்: அன்று எரிமலைவாயைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

திரும்பி வந்தபோதுதான் காலையில் அலட்சியமாக இறங்கிய படிகள் எதிரே நின்றன. நாளெல்லாம் நடந்து ஓய்ந்த காலுக்குக் கடைசியில் ஐந்நூறு படி ஏற்றம். கடிகாரம் அவர் இதயத்தைப் பற்றி என்னவோ சொல்லிக் கூவ ஆரம்பித்தது. அவர் அதை அணைத்தார். நின்று மூச்சு வாங்குவது அவர் அகராதியில் இல்லை. முகம் மட்டும் சாம்பல் பூத்துக்கொண்டே வந்தது.

முன்னால் போன கைடு திரும்பிப் பார்த்தாள். இருபது படி கீழே இறங்கி வந்தாள். "முசியே, இந்தப் பாறையில் ஏன் இத்தனை ஓட்டை?" என்றாள். அவர் உடனே நின்றார். கோலை ஊன்றி, மூச்சுக்கு ஒரு வார்த்தையாக வாயுக்குமிழ்களைப் பற்றி விளக்கினார். விளக்கம் முடிவதற்குள் முகத்தில் ரத்தம் திரும்பியது. இன்னும் கொஞ்சம் ஏறியதும் அவளுக்கு ஒரு செடியின் மேல் சந்தேகம் வந்தது. பிறகு பாறையில் ஒரு சிவப்புக் கோடு. பிறகு லாவா எத்தனை டிகிரியில் உருகும் என்று. இந்தப் படியில் வாரத்துக்கு எத்தனை தடவை ஏறுகிறவளோ, அவளுக்கு அன்று தெரிந்த விஷயம் ஒன்றுகூட இல்லை. மேலே வந்து சேர்ந்ததும் அவர் என் காதில் சொன்னார்: "நல்ல பொண்ணு. படிப்புதான் பத்தாது. நான் இல்லேன்னா இன்னிக்கு ரொம்பத் திணறியிருக்கும்."

அவளுக்கு அன்பளிப்பு தாராளமாகக் கொடுத்தார். அதையும் மறைக்கக் கூடாது.

வேன் கிளம்பி, செம்பழுப்புச் சமவெளியைத் தாண்டுவதற்குள் முன் சீட்டில் தலை சாய்ந்தது. மெல்லிய குறட்டை. இதுதான் சமயம் என்று நான் பின்னால் திரும்பி, பெல்ஜியத் தம்பதியிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் ஆரம்பித்தேன்: காலையில் நாம் நின்ற இடத்துக்குப் பெயர் கொடுத்தாரே பெல்கோம்ப், அவர் பிறகு எங்கள் ஊருக்குக் கவர்னராக வந்தார், 1778-இல் ஆங்கிலேயர்கள் முற்றுகையிட்டு...

"அக்டோபர் மாசம்" என்றது முன் சீட்டு, கண்ணைத் திறக்காமலே.