தமிழில் படித்த டொக்டருக்குச் சீதனம் எவ்வளவு?

1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்ததை நாங்கள் பெரிய கௌரவமாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில், அமெரிக்காவோடு அப்போதுதான் ஒரு சண்டை பிடித்து முடித்திருந்த ஆங்கிலேயனுக்கு இந்த ஆட்களைக் கொழும்பில் வைத்திருக்க மனமில்லை. வடக்கே கையைக் காட்டிவிட்டான். பனையும் வெயிலும் உள்ள இடத்தில் கிடந்து என்னவாவது செய்யட்டும் என்று.

அப்படி வந்தவர்களின் வழியில் 1847இல் வந்து இறங்கியவர் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மசாசுசெட்ஸ் ஆள், வயது இருபத்தைந்துக்குக் கிட்ட, கலியாணமாகவில்லை. இன்றைக்கென்றால் கப்பலால் இறங்கமுன் தரகர் சாதகத்தோடு நின்றிருப்பார். அடுத்த வருடமே மானிப்பாயில் குடியேறி, கொஞ்சப் பொடியளைச் சேர்த்து ஆங்கிலத்தில் வைத்தியம் படிப்பித்தார். பொடியள் எலும்பையும் படித்தார்கள், நரம்பையும் படித்தார்கள், படித்து முடித்த கையோடு அரசாங்கச் சம்பளம் எங்கே கூட என்று பார்த்து மூட்டையைக் கட்டினார்கள். நெடுங்காய்ச்சலோடு கிடந்த மானிப்பாய்க் கிழவி அப்படியே கிடந்தாள்.

மிஷனுக்கு இது புதுச் சங்கதியில்லை. வட்டுக்கோட்டை செமினரியில் வேதத்துக்கென்று ஆங்கிலம் படிப்பித்தால், பிள்ளைகள் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு வேதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பொறுத்துப் பார்த்து 1855இல் செமினரியையே பூட்டினார்கள்.

கிறீன் ஊருக்குப் போய், கலியாணம் முடித்து, 1862இல் திரும்பி வந்தார். இந்த முறை கணக்கு வேறு. தமிழில் படித்தவனை வெளியே யார் வேலைக்குக் கூப்பிடப் போகிறார்கள்? அவன் ஊரிலேதான் இருந்தாக வேண்டும், சனத்துக்கு மருந்து கொடுத்தாக வேண்டும். ஆகவே 1864இலிருந்து வகுப்பு முழுக்கத் தமிழ். எங்கள் குணத்தை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த வெளியூரான் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு குறை: புத்தகம் போதாது. அதற்கும் ஆட்கள் இருந்தார்கள். சாப்மன், டன்வோர்த், போல். பெயரைக் கேட்டால் பொஸ்டனில் தேநீர் குடிக்கிற ஆட்கள் போல இருக்கும். எல்லாரும் எங்கட பொடியள்தான். பிள்ளையின் படிப்புச் செலவைக் கட்டும் அமெரிக்க உபகாரியின் பெயரைப் பிள்ளையின் தலையிலேயே கட்டிவிடுவது மிஷன் வழக்கம். ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதிய சதாசிவம்பிள்ளை ஆணல்ட் ஆனதும் இப்படித்தான். இந்த அமெரிக்கப் பெயர்க்காரரோடு சுவாமிநாதர் என்று சொந்தப் பெயரோடே தப்பிய ஒருவரும் சேர்ந்துகொண்டார்.

ஒருவர் மொழிபெயர்க்க, கிறீன் பார்த்துத் திருத்துவார். முதலில் பழைய வைத்திய நூல்களில் சொல் தேடுவது, அங்கே இல்லாவிட்டால் சமஸ்கிருதம், அங்கேயும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே வேட்டி கட்டிக் கூட்டிவருவது. இந்தக் கடைசி வழியில் பிறந்ததுதான் 1875இல் வந்த ‘கெமிஸ்தம்’. ‘இரண வைத்தியம்’ 1867. ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ இரண்டும் 1872. அங்காதிபாதத்துக்கு, அதாவது உடற்கூற்றுக்கு, ஒரு நூல் போதாதென்று கிரே, ஹோர்னர், சிமித், வில்சன் என்று அதைப் பற்றி எழுதிய நாலு பேரையும் சேர்த்து அரைத்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்களோ தெரியாது, மானிப்பாயில் ஒரே மட்டைக்குள் சமாதானமாக இருந்தார்கள். எல்லாமாக நாலாயிரம் பக்கத்துக்கு மேல்.

சொல்லிலே வராத சண்டை உடுப்பிலே வந்தது. மாணவன் தொப்பி, கோட்டு, களிசான், சப்பாத்து என்று கிளம்புவது கிறீனுக்குப் பிடிக்கவில்லை. கிறிஸ்தவனாகு, ஆனால் தமிழனாக இரு என்பது அவர் கட்சி. வெள்ளைக்காரன் வேட்டியைக் கட்டு என்கிறான், வேட்டிக்காரன் களிசானைத் தா என்கிறான். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

1873இல் உடம்பு முடியாமல் ஊருக்குப் போனவர் அங்கேயாவது சும்மா இருந்தாரா? அண்ணர் அன்ட்ரூ கிறீன் நியூயோர்க்கில் சென்ட்ரல் பார்க்கை உருவாக்கின பெரிய மனிதர். தம்பி மசாசுசெட்ஸில், வூஸ்டர் ஊர் வீட்டில் இருந்துகொண்டு தமிழ்த் தாள்களைத் திருத்திக் கிழமைக் கணக்கில் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார். உடற்றொழிலைச் சொல்லும் ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வந்தது. அடுத்த வருடம் கிறீன் போய்ச் சேர்ந்தார். கல்லறைக் கல்லில் தமிழரின் மருத்துவ ஊழியர் என்று பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம், அப்படியே பொறித்தார்கள்.

இங்கே நாங்கள் என்ன செய்தோம்? 1870இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி திறந்தது, ஆங்கிலத்தில். அங்கே படித்தவனுக்கு அரச பதவி, பதவிக்கு ஏற்ற சீதனம். மானிப்பாயில் அங்காதிபாதத்தை மனப்பாடம் செய்தவனுக்கு ஊர்ச் சனத்தின் மரியாதையும் ஒரு குலை வாழைப்பழமும். தனக்கு வருத்தம் வந்தால் தமிழில் சொல்லக்கூடிய டொக்டர் வேண்டும், மகன் டொக்டரானால் அது ஆங்கிலத்தில் ஆக வேண்டும்: இதுதான் எங்கள் தகப்பன்மாரின் கொள்கை. தமிழ் வகுப்பு மெல்லக் கண்ணை மூடியது. கிறீனைக் கவிழ்த்தது கொழும்பு அரசாங்கமில்லை, நாங்கள்தான். 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியபோது அதுவும் ஆங்கிலத்தில்தான்.

அடுத்த முறை டொக்டரிடம் போனால், ‘மனுஷ அங்காதிபாதம்’ தெரியுமா என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். மருந்துத் துண்டை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்த பிறகு கேட்பது நல்லது.