சொன்ன சொல் காத்த ஃபிஃபா

ஃபிஃபா பெருமக்களே, கொடுத்த வாக்கைக் காப்பதில் உங்களுக்கு நிகர் நீங்கள்தான். 1978 உலகக்கோப்பையை நடத்தும் உரிமையை 1966-லேயே அர்ஜென்டினாவுக்குக் கொடுத்துவிட்டீர்கள். 1976 மார்ச் 24 அன்று அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நள்ளிரவில் வீடு புகுந்து இழுத்துச் செல்லப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் காணாமல் போனார்கள். இந்தப் போட்டியைப் புறக்கணியுங்கள் என்று பாரிஸிலிருந்து குரல் எழுந்தது. நீங்கள் அசையவில்லை. பத்தாண்டுக்கு முன் சொன்ன சொல்லுக்காக இப்படி உறுதியாக நிற்க எல்லோராலும் ஆகாது.

உங்கள் கண்டிப்பும் அப்படித்தான். ஜூன் 25, புவனஸ் அயர்ஸின் மோனுமென்டல் மைதானம். இறுதிப் போட்டி தொடங்க வேண்டிய நேரம். நெதர்லாந்து வீரர் ரெனே வான் டி கெர்க்காஃப் கையில் மாவுக்கட்டு போட்டிருந்தார். முந்தைய ஆட்டங்களிலும் அதோடுதான் ஆடினார். இப்போது அர்ஜென்டினா ஆட்சேபித்தது. உலகமே தொலைக்காட்சி முன் காத்திருக்க, வாக்குவாதம் நடந்து, அந்தக் கட்டின் மேல் இன்னும் ஒரு சுற்றுத் துணி சுற்றிய பிறகே ஆட்டம் தொடங்கியது. ஒருவர் கைக்கட்டு மற்றவர் மேல் பட்டுக் காயப்படுத்திவிடக் கூடாது என்ற அக்கறை அது. மைதானத்திலிருந்து நடந்தே போய்விடலாம், ராணுவ ஆட்சி ரகசியச் சிறையாக்கியிருந்த கடற்படை இயந்திரவியல் பள்ளிக்கு. அங்கேயும் சிலர் கைகளில் ஏதோ பூட்டியிருந்தது. விலங்கு. தலையில் கண்ணை மறைக்கும் முக்காடு. மாவுக்கட்டைக் கண்ட உங்கள் கண்கள் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பார்க்காத கட்டுப்பாடு உள்ளவை.

ஆட்டத்தைக் குறை சொல்ல என்னால் முடியாது. இரண்டு பேருக்கு நடுவே புகுந்து, கோல்கீப்பர் மேல் பட்டுத் திரும்பிய பந்தை அர்ஜென்டினாவின் கெம்பஸ் மீண்டும் உள்ளே தள்ளிய அந்த இரண்டாவது கோலை இன்று பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. 3-1. மைதானம் எழுப்பிய ஆரவாரம் அந்தப் பள்ளியின் சுவருக்குள்ளும் கேட்டது. அன்றிரவு சிறைக்காவலர்கள் கைதிகள் சிலரைக் காரில் ஏற்றி, ஊரே கொண்டாடுவதைக் காட்டக் கூட்டிப்போனார்கள். ஒரு பெண் காரின் கூரைத் திறப்பு வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார். நான் காணாமல் போனவள் என்று அந்தக் கூட்டத்தில் கத்தினாலும் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்று தனக்குத் தோன்றியதைப் பின்னாளில் சாட்சியமாகச் சொன்னார். இவ்வளவு பெரிய மகிழ்ச்சியை ஒரு நாட்டுக்குத் தர உங்களால்தான் முடியும்.

உங்கள் விழாவின் அழகைக் காணத் தவறியவர்கள் சில டச்சுத் தொலைக்காட்சிக்காரர்கள். ஜூன் 1, தொடக்க நாள், வியாழக்கிழமை. மைதானத்தில் சர்வாதிகாரி விதேலா சமாதானத்தைப் பற்றிப் பேசினார். அவர்களோ கேமராவைத் தூக்கிக்கொண்டு மாயோ சதுக்கத்துக்குப் போய், வெள்ளைத் தலைத்துணி கட்டிய தாய்மார்கள் எங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்பதைப் படம் பிடித்தார்கள். அதே விதேலாவின் கையால்தான் கோப்பை அணித்தலைவர் பாசரெல்லாவிடம் போனது.

உங்கள் நிதானத்தையும் சொல்லியாக வேண்டும். இறுதிக்கு முந்தைய சுற்றில், அதே பிரிவிலிருந்த பிரேசில் ஆடி முடித்த பிறகு, இறுதிக்குப் போக நான்கு கோல் வித்தியாசம் வேண்டும் என்று தெரிந்துகொண்டு அர்ஜென்டினா பெருவோடு ஆடி 6-0 என வென்றது. ஆட்டத்துக்கு முன் பெரு வீரர்களின் உடைமாற்றும் அறைக்கு விதேலா நேரில் போய்வந்தார். சதி எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் அட்டவணையின் ஓட்டை எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. 1982-ல் ஸ்பெயினின் கிகோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் அதே ஓட்டை வழியே கைகோத்து அடுத்த சுற்றுக்குப் போய், அல்ஜீரியாவை வெளியேற்றின. அதற்குப் பிறகே, 1986-ல், பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைத்தீர்கள்.

எல்லாவற்றிலும் பெரியது நன்றி மறவாமை. அந்த உலகக்கோப்பை ஏற்பாடுகளைக் கையில் வைத்திருந்தவர் ராணுவ ஆட்சியின் கடற்படை அதிகாரி கார்லோஸ் லகோஸ்தே. 1980-ல் அவரை உங்கள் துணைத் தலைவராக்கிக்கொண்டீர்கள். 1983-ல் மக்கள் அந்த ஆட்சியை அனுப்பிவைத்தார்கள். உங்கள் நாற்காலியில் அவர் 1984 வரை இருந்தார்.